எலும்பு மஜ்ஜைக்குள் ஆஞ்சியோடென்சின்: இரத்த உருவாக்கத்தில் ஓர் உள்ளூர் ஹார்மோன் அமைப்பு



இரத்த அழுத்தத்துக்காக எனலாப்ரிலோ ராமிப்ரிலோ லோசார்டனோ சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு, மருந்து தொடங்கிய சில மாதங்களில் ஹீமோகுளோபின் சற்று இறங்குவதுண்டு. எல்லோருக்கும் இறங்காது, இறங்குகிறவர்களுக்கும் பெரிய அளவில் இறங்குவதில்லை. பரிசோதித்துப் பார்த்தால் இரும்புச்சத்து போதுமானதாக இருக்கும், குடலில் எங்கும் இரத்தக் கசிவு இருக்காது, சிவப்பணுக்களின் உருவமும் இயல்பாகவே இருக்கும். எண்ணிக்கை மட்டும் குறைந்திருக்கும். இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் எனலாப்ரிலைச் சோதித்த 'சால்வ்ட்' ஆய்வின் தரவுகளை 2005இல் மறுபடி அலசியபோது, மருந்து எடுத்தவர்களுக்கு ஓராண்டில் புதிதாக இரத்தச்சோகை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கூடியிருந்தது தெரிந்தது. நீரிழிவால் சிறுநீரகம் கெட்டவர்களிடம் லோசார்டனைச் சோதித்த 'ரெனால்' ஆய்விலும் ஹீமோகுளோபின் இதேபோல இறங்கியிருந்தது. இரத்தக் குழாயை நினைத்து எழுதிக் கொடுக்கும் மாத்திரை இரத்தம் பிறக்கும் இடத்தில் எப்படிக் கை வைக்கிறது என்பதே இன்றைய உரையின் கேள்வி.

இதற்கு நான் முன்வைக்கப் போகும் விடை இது. இந்த மாத்திரைகள் மறிக்கும் ரெனின்–ஆஞ்சியோடென்சின் அமைப்பு எலும்பு மஜ்ஜைக்குள்ளும் உண்மையாகவே வேலை செய்கிறது. ஆனால் இரத்த உற்பத்தியை ஆளும் இடத்தில் அது இல்லை. ஆளுகிற கட்டளைகளுக்கு மஜ்ஜைச் செல்கள் எவ்வளவு விரைவாக இணங்க வேண்டும் என்பதைத் திருத்திக்கொடுக்கும் துணை அமைப்பு அது. அதை 'உள்ளூர்' அமைப்பு என்று சொல்வதற்கு அதன் மூலப்பொருள்கள் எல்லாம் மஜ்ஜையிலேயே தயாராக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஹார்மோனை விடுவிக்கும் கடைசி வெட்டு எங்கே விழுகிறது, அந்த வெட்டின் விளைவை எந்தச் செல் வாங்கிக்கொள்கிறது என்ற இரண்டும் மஜ்ஜைக்குள் நடந்தால் போதும். இந்த இரண்டு செய்திகளையும் சான்றுகளைக் கொண்டு நிறுவி, எதிர்வாதங்களையும் எடைபோட்டுப் பார்ப்பதே என் நோக்கம்.

சிறுநீரகத்தில் தொடங்கிய வரலாறு

1898இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ராபர்ட் டிகர்ஸ்டெட் என்ற ஃபின்லாந்து உடலியலாளரும் அவருடைய உதவியாளர் பெர் பெர்க்மனும் முயலின் சிறுநீரகச் சாற்றை இன்னொரு முயலின் சிரையில் செலுத்தினார்கள். இரத்த அழுத்தம் உயர்ந்தது. சாற்றில் இருந்த பொருளுக்கு ரெனின் என்று பெயரிட்டார்கள். அதன்பின் முப்பத்தைந்து ஆண்டுகள் அதை ஏறக்குறைய யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 1934இல் கிளீவ்லாந்தில் ஹாரி கோல்ட்பிளாட், நாயின் சிறுநீரகத் தமனியை இடுக்கியால் நெருக்கி நிலையான உயர் இரத்த அழுத்தத்தை உண்டாக்கிக் காட்டிய பிறகே ரெனினுக்கு மறுவாழ்வு வந்தது. 1940ஐ ஒட்டி, புவனோஸ் அயர்ஸில் பிரவுன்-மெனன்டெஸ் குழுவும் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் இர்வின் பேஜ் குழுவும் தனித்தனியே ஒன்றைக் கண்டுகொண்டன: ரெனின் தானாக அழுத்தத்தை உயர்த்துவதில்லை, அது ஒரு நொதி, இரத்தத்தில் உள்ள ஒரு புரதத்தை வெட்டி வேறொரு பொருளை விடுவிக்கிறது. அந்தப் பொருளே ஆஞ்சியோடென்சின். அதிலும் இரண்டு படிகள் உண்டு என்பதை 1950களில் லெனர்ட் ஸ்கெக்ஸ் தெளிவாக்கினார்.

அந்தப் படிகளை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவது எளிதாகும். கல்லீரல் ஆஞ்சியோடென்சினோஜன் என்ற புரதத்தைச் செய்து இரத்தத்தில் விடுகிறது. சிறுநீரகம் தரும் ரெனின் அதன் நுனியிலிருந்து பத்து அமினோ அமிலங்கள் கொண்ட துண்டை வெட்டுகிறது. இது ஆஞ்சியோடென்சின்-1, இதற்கு வீரியம் மிகக் குறைவு. ஆஞ்சியோடென்சின் மாற்று நொதி அதிலிருந்து மேலும் இரண்டு அமினோ அமிலங்களைக் கத்தரிக்கிறது. எட்டு அமினோ அமிலங்கள் கொண்ட ஆஞ்சியோடென்சின்-2 பிறக்கிறது. இதுதான் வீரியமுள்ள ஹார்மோன். செல்லின் மேற்பரப்பில் உள்ள முதல் வகை ஏற்பியில் ஒட்டி, குழாயைச் சுருக்கவும் உப்பைத் தேக்கவும் செய்கிறது. எனலாப்ரில், ராமிப்ரில் போன்றவை மாற்று நொதியை முடக்குகின்றன. லோசார்டன், டெல்மிசார்டன் போன்றவை நொதியை விட்டுவிட்டு ஏற்பியை அடைக்கின்றன. ஒரே அமைப்பை இரண்டு வெவ்வேறு இடங்களில் மறிக்கும் இந்த இருவகை மருந்துகளும் நம் விவாதத்தில் ஆய்வுக் கருவிகளாகவே பயன்படப் போகின்றன.

மாற்று நொதியைப் பற்றி இங்கேயே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ரெனின் இரத்தத்தில் மிதந்து திரிகிறது. மாற்று நொதியோ பெரும்பாலும் செல்லின் மேற்பரப்பில் வேர் ஊன்றி நிற்கிறது. நுரையீரல் வழியாகப் போகும் இரத்தத்தில் இந்த வெட்டு பெருமளவில் நடக்கிறது என்று 1967இல் இங், வேன் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டியதற்குக் காரணம், அங்குள்ள நுண்குழாய்களின் உட்சுவர் முழுவதும் இந்த நொதி பதிந்திருப்பதுதான். எனவே ஆஞ்சியோடென்சின்-2 எங்கே பிறக்கும் என்பதை இந்த நொதியின் இருப்பிடமே பெரிதும் முடிவு செய்கிறது. ஓர் உறுப்பு தன் செல்களின் மேல் இந்த நொதியை நிறுத்திவைத்தால், உடல் முழுவதும் சுற்றிவரும் பொதுவான மூலப்பொருளைத் தனக்கு வேண்டிய இடத்தில், வேண்டிய அளவில் வெட்டிக்கொள்ள முடியும்.

மஜ்ஜையில் என்ன இருக்கிறது?

வளர்ந்த மனிதனின் மஜ்ஜை ஒரு நாளில் ஏறத்தாழ 20,000 கோடி சிவப்பணுக்களை உருவாக்குகிறது. நொடிக்கு இருபது லட்சத்துக்கும் மேல். ஒவ்வொன்றும் சுமார் 120 நாள் வாழ்ந்து மடிகிறது. இவ்வளவு பெரிய உற்பத்தியை, உடலின் தேவைக்கேற்பக் கூட்டவும் குறைக்கவும் கட்டளைகள் வேண்டும். சிவப்பணுவுக்கான தலைமைக் கட்டளை எரித்ரோபாய்ட்டின். ஆக்சிஜன் குறைவதைச் சிறுநீரகம் உணர்ந்து அனுப்பும் ஹார்மோன் இது. ஜப்பானில் தகாஜி மியாகே, மஜ்ஜை செயலிழந்த நோயாளிகளிடமிருந்து சேகரித்த 2,550 லிட்டர் சிறுநீரிலிருந்து 1977இல் யூஜின் கோல்ட்வாசர் குழு இதைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தது. மஜ்ஜைக்குள் பக்கத்துச் செல்கள் கொடுக்கும் அருகாமைச் செய்திகளும் உண்டு. இரத்த அணுக்களுக்கெல்லாம் மூலமான குருத்தணு தன்னைச் சூழ்ந்த செல்களின் கட்டுப்பாட்டில் தனி இருப்பிடத்தில் வாழ்கிறது என்ற கருத்தை 1978இல் ரே ஸ்கோஃபீல்டு முன்வைத்தார். அந்தச் சூழலில் என்னென்ன ஹார்மோன்கள் உலவுகின்றன என்ற தேடலின் ஒரு கிளைதான் நம் பொருள்.

1996இல் துருக்கியைச் சேர்ந்த இப்ராஹிம் ஹஸ்னெதாரோலுவும் சக ஆய்வாளர்களும், மஜ்ஜைக்கென்று ஓர் உள்ளூர் ரெனின்–ஆஞ்சியோடென்சின் அமைப்பு இருக்கக்கூடும் என்று கருதுகோளாக எழுதினார்கள். அப்போது சிதறிய குறிப்புகளே இருந்தன. பிறகு சான்றுகள் சேர்ந்தன. 2004இல் அமெரிக்காவில் ஸ்ட்ரான் குழு, எலியின் மஜ்ஜைச் செல்களிலும் அவற்றைத் தாங்கும் ஆதாரச் செல்களிலும் இந்த அமைப்பின் உறுப்புகள் வெளிப்படுவதைக் காட்டியது. அதைவிட வியப்பானது 2008இல் வந்தது. மனிதக் குருத்தணுக்களை இனங்காண, 'பிபி9' என்று பெயரிட்ட ஓர் எதிர்பொருளை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பயன்படுத்தி வந்தார்கள். மிக மூத்த, இன்னும் எந்த வகை இரத்த அணுவாகவும் பிரியாத குருத்தணுக்களில் அது ஒட்டியது. அது எந்தப் புரதத்தில் ஒட்டுகிறது என்று தேடிப் பார்த்தபோது, கிடைத்தது ஆஞ்சியோடென்சின் மாற்று நொதி! கருவில் இரத்த அணுக்கள் முதன்முதலில் தோன்றும் பெருந்தமனிப் பகுதியிலும் இதே நொதி அந்தச் செல்களை அடையாளம் காட்டியது. நோய் எதிர்ப்பாற்றல் இல்லாத எலிகளில் மனித இரத்தத்தை மறுபடி உருவாக்கும் திறனும் இந்த நொதியைத் தாங்கிய செல்களிடமே தங்கியிருந்தது.

இருப்பதைக் கண்டதனாலேயே அது வேலை செய்கிறது என்று முடிவு கட்டிவிட முடியாது. நுணுக்கமான முறைகளால் தேடினால் எந்தத் திசுவிலும் எந்த மரபணுவின் சுவடும் கொஞ்சமாவது தட்டுப்படும். உள்ளூர் ஹார்மோன் அமைப்பு என்ற சொல் கடந்த நாற்பது ஆண்டுகளில் இதயம், மூளை, கண், கணையம் என்று உறுப்புதோறும் ஒட்டப்பட்டுவிட்டது. அவற்றில் பலவற்றுக்குச் செயல் சான்று மெலிந்தே இருக்கிறது. எனவே மஜ்ஜையிலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி கடினமானது: இந்த அமைப்பை எடுத்துவிட்டால் இரத்தம் மாறுகிறதா? மாறினால், அந்த மாற்றம் மஜ்ஜை வழியாக வருகிறதா, வேறு வழியாக வருகிறதா?

எடுத்துவிட்டுப் பார்த்தல்

முதலில் வளர்ப்புத் தட்டில் நடந்த சோதனை. 1997இல் அலபாமாவில் ப்ரச்சல் ஆய்வுக்கூடத்தில் மிஹால் ம்ருக்கும் மற்றவர்களும், சிவப்பணுவாக மாறும் பாதையில் தொடக்க நிலையில் இருக்கும் மனித முன்னோடிச் செல்களை எரித்ரோபாய்ட்டின் கலந்த ஊடகத்தில் வளர்த்தார்கள். அதில் ஆஞ்சியோடென்சின்-2 சேர்த்தபோது செல்களின் பெருக்கம் கூடியது. கூடவே லோசார்டன் சேர்த்தபோது அந்தக் கூடுதல் மறைந்துபோனது. இந்தச் செல்களில் முதல் வகை ஏற்பி இருப்பதும் தெரிந்தது. தட்டில் சிறுநீரகம் இல்லை, இரத்த ஓட்டம் இல்லை, அழுத்தம் இல்லை. எனவே ஆஞ்சியோடென்சின் இந்தச் செல்லிடம் நேரடியாகப் பேச முடியும் என்பது உறுதியாகிறது. இந்தப் பேச்சு செல்லுக்குள் எந்த வழியில் போகக்கூடும் என்பதற்கும் ஒரு தடயம் உண்டு: முதல் வகை ஏற்பி ஜாக்-2 என்ற நொதியைத் தூண்டுகிறது என்று 1995இல் காட்டப்பட்டது, எரித்ரோபாய்ட்டின் ஏற்பியும் அதே ஜாக்-2 வழியாகத்தான் வேலை செய்கிறது. இரண்டு ஹார்மோன்களும் ஒரே உள்வழியில் சந்திக்கின்றன என்றால், ஒன்று மற்றொன்றின் விளைவைக் கூட்டுவது இயல்பே.

தட்டில் நடப்பதெல்லாம் உடலில் நடக்க வேண்டும் என்பதில்லை. ஆகவே எலிக்கு வருவோம். 2000ஆம் ஆண்டில் கென்னத் பெர்ன்ஸ்டைன் குழு, மாற்று நொதியின் மரபணு நீக்கப்பட்ட இரண்டு வகை எலிகளை ஆராய்ந்தது. இரண்டிலும் இரத்தச்சோகை இருந்தது; சிவப்பணுக்களின் அளவு இயல்பு, எண்ணிக்கை மட்டும் குறைவு. நோயாளிகளிடம் நாம் பார்க்கும் அதே தோற்றம். இங்கே இரண்டு ஐயங்கள் உடனே எழும். ஒன்று, இரத்த அழுத்தம் இறங்கிய உடலில் நீர் தேங்கி இரத்தம் நீர்த்துப்போயிருக்கலாம். அப்படியானால் சிவப்பணு உண்மையில் குறையவில்லை, குறைந்ததுபோலத் தெரிகிறது அவ்வளவுதான். இதைத் தீர்க்க அவர்கள் சிவப்பணுக்களுக்குக் கதிரியக்கக் குரோமியம்-51 என்ற அடையாளத்தை ஏற்றி உடலுக்குள் செலுத்தினார்கள். அடையாளமிட்ட அணுக்கள் எவ்வளவு நீர்த்துப்போகின்றன என்பதிலிருந்து உடலில் மொத்தம் எவ்வளவு சிவப்பணு இருக்கிறது என்று கணக்கிடலாம். மொத்த இரத்தக் கன அளவு இயல்பாகவே இருந்தது. சிவப்பணுத் தொகை உண்மையாகவே குறைந்திருந்தது. நீர்த்துப்போனதால் வந்த மயக்கம் இல்லை என்று ஆனது.

இரண்டாவது ஐயம் இன்னும் வலுவானது: சிறுநீரகம் எரித்ரோபாய்ட்டினைக் குறைத்துவிட்டதோ? அளந்து பார்த்தார்கள். அந்த எலிகளின் இரத்தத்தில் எரித்ரோபாய்ட்டின் குறைவாக இல்லை, உயர்ந்திருந்தது. சிறுநீரகம் இரத்தச்சோகையைக் கண்டுகொண்டு கூடுதல் கட்டளை அனுப்பிக்கொண்டிருக்கிறது. மஜ்ஜை அதற்கு முழுமையாக இணங்கவில்லை. அவ்வெலிகளுக்கு ஆஞ்சியோடென்சின்-2ஐ இரண்டு வாரம் தொடர்ந்து செலுத்தியபோது சிவப்பணு விகிதம் ஏறக்குறைய இயல்பு நிலைக்கு ஏறியது. என் வாதத்தின் நடுத்தூண் இந்த ஆய்வுதான். கட்டளை போதுமான அளவில் இருந்தும் உற்பத்தி பின்தங்குகிறது என்றால், குறை இருப்பது கட்டளையைப் பெறும் இடத்தில்.

ஒரே நொதி, இரண்டு வேலை

மஜ்ஜையில் மாற்று நொதிக்கு இன்னொரு பணியும் உண்டு. அது ஆஞ்சியோடென்சினோடு தொடர்பில்லாதது. 1970களில் பிரான்ஸில் எமிலியா ஃப்ரின்டல், மரீஸ் கிகோன் ஆகியோர் கன்றுக்கருவின் மஜ்ஜைச் சாற்றில் ஒரு விந்தையான ஆற்றலைக் கவனித்தார்கள்: அது குருத்தணுக்களைப் பிளவுச் சுற்றுக்குள் நுழைய விடாமல் அமைதியாக வைத்திருந்தது. 1989இல் அந்தப் பொருளின் அமைப்பு தெரிந்தது. வெறும் நான்கு அமினோ அமிலங்கள், நுனியில் ஓர் அசிட்டைல் தொகுதி: அசிட்டைல்-எஸ்டிகேபி. பிளவுபடும் செல்களைக் கொல்லும் புற்றுநோய் மருந்துகளைக் கொடுக்கும்போது இந்தப் பொருளையும் எலிகளுக்குக் கொடுத்தால், குருத்தணுக்கள் ஒதுங்கி நின்று தப்பித்தன. பிறகு 1990களில், இந்தச் சிறு பெப்டைடை இரத்தத்திலிருந்து அகற்றுவது ஆஞ்சியோடென்சின் மாற்று நொதியே என்று தெரிந்தது. அந்த நொதியில் வெட்டும் இடங்கள் இரண்டு உண்டு. ஆஞ்சியோடென்சின்-1ஐப் பெரும்பாலும் ஒன்று வெட்டுகிறது, அசிட்டைல்-எஸ்டிகேபியை மற்றொன்று வெட்டுகிறது. நல்ல உடல்நிலையில் உள்ளவர்களுக்கு ஒரே ஒரு வேளை கேப்டோபிரில் கொடுத்தபோது இரத்தத்தில் இந்தப் பெப்டைடு ஐந்து மடங்குக்கு மேல் உயர்ந்ததை 1996இல் மிஷெல் அசிஸி குழு பதிவு செய்தது.

இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது மாற்று நொதியின் இடம் விளங்குகிறது. ஒருபுறம் முன்னோடிச் செல்லைப் பெருகத் தூண்டும் ஆஞ்சியோடென்சின்-2ஐ உருவாக்குகிறது. மறுபுறம் குருத்தணுவை அடக்கிவைக்கும் பெப்டைடை அழிக்கிறது. இரண்டு வெட்டுகளும் ஒரே திசையில், உற்பத்தியைக் கூட்டும் திசையில் தள்ளுகின்றன. அந்த நொதி குருத்தணுவின் மேற்பரப்பிலேயே நிற்கிறது என்பது இப்போது தற்செயலாகத் தோன்றவில்லை. எனினும் இங்கே நேர்மையாகக் கணக்குப் பார்க்க வேண்டும். நொதியில்லாத எலிகளின் இரத்தச்சோகையை ஆஞ்சியோடென்சின்-2 மட்டுமே சரிசெய்தது. அவற்றின் இரத்தத்தில் அசிட்டைல்-எஸ்டிகேபி உயர்ந்தே இருந்தபோதிலும் சரியானது. நோயாளிகளிடமும் இதே கதை: லோசார்டன் அந்த நொதியைத் தொடுவதில்லை, ஆனாலும் ஹீமோகுளோபினை இறக்குகிறது. ஆகவே சிவப்பணுக் குறைவுக்கு முதன்மைக் காரணம் ஆஞ்சியோடென்சின் வழிதான். அடக்கும் பெப்டைடின் செல்வாக்கு அதற்கு மேற்படியில், குருத்தணு விழிக்கலாமா உறங்கலாமா என்ற முடிவில் இருக்கிறது என்று கொள்வதே பொருத்தம்.

அந்த மேற்படியின் முக்கியத்துவம் கதிர்வீச்சுச் சோதனையில் தெரிகிறது. 2010இல் வெளியான ஓர் எலி ஆய்வில், உடல் முழுவதும் கதிர்வீச்சுக்கு உள்ளாகும் முன்பு கேப்டோபிரில் கொடுத்தபோது இறப்பு கூடியது. கதிர்வீச்சுக்குப் பிறகு தொடங்கிக் கொடுத்தபோது பிழைத்தவை கூடின. மருந்து ஒன்றே, கொடுத்த நேரம் மட்டும் வேறு, விளைவு நேர் எதிர். அடிபட்ட மஜ்ஜையில் குருத்தணுக்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதைப் பொறுத்து இந்த அமைப்பின் பங்கு மாறுகிறது. அமைதியான நாளில் அளந்து பார்த்துவிட்டு, இதற்குப் பெரிய வேலை இல்லை என்று எழுதிவிடுவது ஏன் தவறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

எதிர்வாதங்கள்

இனி எதிர்த்தரப்புக்கு வருவோம். வலுவான எதிர்வாதம் ஜப்பானிலிருந்து வந்தது. மனித ரெனின் மரபணுவும் மனித ஆஞ்சியோடென்சினோஜன் மரபணுவும் ஏற்றப்பட்ட எலிகளில் ஆஞ்சியோடென்சின் மிகையாகச் சுரந்து, சிவப்பணுவும் மிகையாக இருந்தது. கட்டோவும் சக ஆய்வாளர்களும் 2005இல் அந்த எலிகளின் மஜ்ஜையைக் கதிர்வீச்சால் அழித்துவிட்டு, முதல் வகை ஏற்பி இல்லாத எலியின் மஜ்ஜையை அவற்றுக்குப் பொருத்தினார்கள். மஜ்ஜைச் செல்களில் ஏற்பி இல்லாமல் போனபின்பும் மிகைச் சிவப்பணு நிலை நீங்கவில்லை. சிறுநீரகத்தில் ஆஞ்சியோடென்சின் எரித்ரோபாய்ட்டினை உயர்த்துவதுதான் காரணம், மஜ்ஜையின் ஏற்பி தேவையே இல்லை என்பது அவர்கள் முடிவு. மனிதர்களுக்கு ஆஞ்சியோடென்சின்-2 செலுத்தினாலும் எரித்ரோபாய்ட்டின் உயர்கிறது என்பதால் இந்த வழி மனிதனிலும் உண்மை. இதை மறுக்க இடமில்லை. ஆனால் இந்த ஆய்வும் பெர்ன்ஸ்டைன் குழுவின் ஆய்வும் இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்கின்றன. ஆஞ்சியோடென்சின் அளவு மீறிப் போனால் என்ன ஆகும் என்பது ஒன்று. இல்லாமலே போனால் என்ன ஆகும் என்பது மற்றொன்று. மிகையில், கட்டளையே பெருகிவிடுவதால் அதை வாங்கும் இடத்தின் நுணுக்கம் மறைந்துபோகிறது. குறையில், கட்டளை உயர்ந்தும் உற்பத்தி பின்தங்குவதால் அந்த நுணுக்கம் வெளியே தெரிகிறது. எனவே சிறுநீரக வழி, மஜ்ஜை வழி இரண்டுமே உண்டு. மிகையில் முன்னது மேலோங்குகிறது, குறையில் பின்னது புலப்படுகிறது என்பதே இரு சான்றுகளுக்கும் ஒருசேர இடம் கொடுக்கும் விளக்கம்.

அடுத்த எதிர்வாதம் மூலத்தைப் பற்றியது. இரண்டு சிறுநீரகங்களையும் நீக்கிவிட்டால் இரத்தத்தில் ரெனின் ஏறத்தாழ இல்லாமலே போகிறது. பல திசுக்களில் 'உள்ளூர் ரெனின்' என்று அளக்கப்பட்டதில் பெரும்பகுதி இரத்தத்திலிருந்து உறிஞ்சியதே என்று இத்துறையின் கண்டிப்பான விமர்சகர்கள் சொல்கிறார்கள். அதோடு, எலிகளின் இரத்தச்சோகையைச் சரிசெய்த ஆஞ்சியோடென்சினும் வெளியிலிருந்து செலுத்தியதுதானே, உள்ளூர் உற்பத்தி எங்கே தேவைப்பட்டது என்றும் கேட்கலாம். கேள்வி நியாயமானது. மஜ்ஜை தன் ரெனினைத் தானே செய்துகொள்கிறது என்பதை என் வாதத்தின் அடித்தளமாக நான் வைக்காததற்குக் காரணமும் இதுவே. வெள்ளணுக்களில் உள்ள கெத்தெப்சின்-ஜி என்ற நொதி, ரெனினின் உதவியில்லாமலே ஆஞ்சியோடென்சினோஜனிலிருந்து ஆஞ்சியோடென்சின்-2ஐ வெட்ட வல்லது. வெள்ளணுக்கள் பிறக்கும் மஜ்ஜையில் அதற்குப் பஞ்சமில்லை. ஆனாலும் அது உடலுக்குள் எவ்வளவு பங்களிக்கிறது என்பதை வைத்து வாதிட வேண்டிய தேவை நமக்கு இல்லை. சிறுநீரக ரெனினே மூலமாக இருந்தாலும், வெட்டும் நொதி குருத்தணுவின் மேலும், விளைவைப் பெறும் ஏற்பி முன்னோடிச் செல்லின் மேலும் இருக்கின்றன. கட்டுப்பாடு அங்கேதான் நடக்கிறது.

மூன்றாவது எதிர்வாதம் மருத்துவர்களிடமிருந்து வரும்: உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானோர் இந்த மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் விழுங்குகிறார்கள்; மஜ்ஜைக்கு இது அவ்வளவு முக்கியம் என்றால் அவர்களுக்கெல்லாம் இரத்தம் வற்றியிருக்க வேண்டாமா? இந்த அமைப்பின் தரம் என்ன என்பதை இந்தக் கேள்விதான் சரியாகக் காட்டுகிறது. எரித்ரோபாய்ட்டின் மரபணுவை நீக்கிய எலிக்குஞ்சு கருவிலேயே, பதின்மூன்றாம் நாளை ஒட்டி, இரத்தமின்றி இறக்கிறது. மாற்று நொதியை நீக்கிய எலியோ பிறந்து வளர்கிறது, மிதமான இரத்தச்சோகையோடு. முன்னது இன்றி வாழ முடியாது. பின்னது இன்றி வாழலாம், ஆனால் முழு ஆற்றலோடு வாழ முடியாது. சிறுநீரகம் நன்றாக உள்ளவருக்கு எரித்ரோபாய்ட்டின் சற்றே உயர்ந்து குறையை ஈடுகட்டிவிடுகிறது. சிறுநீரகம் கெட்டவருக்கு அந்தச் சேமிப்பு இல்லை. டயாலிசிஸ் நோயாளிகளிடமும் இதயச் செயலிழப்பு நோயாளிகளிடமும் இறக்கம் கூடுதலாகத் தெரிவது அதனால்தான்.

சிகிச்சையில் தெரியும் சான்று

இந்த அமைப்பின் வேலையை மனிதரிடம் மிகத் தெளிவாகக் காட்டும் நிலை ஒன்று உண்டு. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டவர்களில் சுமார் 10 முதல் 15 விழுக்காட்டினருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள், சிவப்பணு அளவுக்கு மேல் பெருகிவிடுகிறது. இரத்தம் தடித்து, உறைகட்டி அபாயம் வருகிறது. முன்பெல்லாம் சிரையிலிருந்து இரத்தத்தை எடுத்துக் கொட்டுவதே வழியாக இருந்தது. 1990களிலிருந்து எனலாப்ரில், பின்னர் லோசார்டன் கொடுத்துப் பார்த்ததில், சில வாரங்களில் சிவப்பணு இறங்கியது. இந்த நோயாளிகள் பலரிடம் எரித்ரோபாய்ட்டின் உயர்ந்திருக்கவில்லை என்பதைச் சேர்த்து எண்ணிப் பாருங்கள். கட்டளை மிகாத இடத்திலும் உற்பத்தி மிகுகிறது. ஆஞ்சியோடென்சினை மறித்தால் அடங்குகிறது. எலியில் குறையாகக் கண்டதை இங்கே மனிதரில் மிகையாகக் காண்கிறோம். இன்று உலகெங்கும் இந்நிலைக்கு முதல் மருந்து இந்த இரண்டு வகைகளில் ஒன்றுதான்.

மறுகரையில் இன்னொரு பயன் சோதிக்கப்படுகிறது. ஆஞ்சியோடென்சின்-2இலிருந்து மேலும் ஓர் அமினோ அமிலம் கழன்றால் கிடைக்கும் ஏழு அமினோ அமிலத் துண்டு, புற்றுநோய் மருந்துகளால் அடிபட்ட மஜ்ஜை மீண்டெழ உதவுமா என்று கேத்லீன் ராஜர்ஸ் குழு மார்பகப் புற்றுநோயாளிகளிடம் தொடக்கநிலைச் சோதனை நடத்தி 2006இல் வெளியிட்டது. அசிட்டைல்-எஸ்டிகேபியும் 1990களில் நோயாளிகளிடம் முயன்று பார்க்கப்பட்டது. இரண்டும் இன்னும் அன்றாட மருத்துவத்துக்கு வந்து சேரவில்லை. குருத்தணு ஆய்வில் நம்பிக்கை வார்த்தைகளுக்குக் குறைவில்லை என்பதால், இதையும் சொல்லிவிடுவது என் கடமை.

நம் ஊர் மருத்துவர்களுக்கு இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம் இருக்கிறது. 2019–21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை உண்டு. இப்படிப்பட்ட மக்கள்தொகையில் ஒருவரின் ஹீமோகுளோபின் இறங்கியவுடன் இரத்த அழுத்த மாத்திரையின் மேல் பழி போட்டுவிடுவது ஆபத்து. இரும்புக் குறைவு, குடற்புழு, மறைவான இரத்தக் கசிவு, சிறுநீரக நோய் ஆகியவற்றை முதலில் தேட வேண்டும். அவையெல்லாம் இல்லை என்று தெரிந்த பிறகே மாத்திரையை நினைக்க வேண்டும். அப்போதும் அதை நிறுத்திவிட அவசரப்பட வேண்டாம். சிறுநீரகத்தையும் இதயத்தையும் காப்பதில் அந்த மாத்திரையின் பயன், ஒரு சிறு இறக்கத்தைவிடப் பன்மடங்கு பெரிது. நோயாளிகள் தாங்களாகவே மாத்திரையை நிறுத்துவது கூடவே கூடாது.

ஆய்வுக்கு வர நினைக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். மஜ்ஜையின் உள்ளூர் அமைப்பு பற்றிய கட்டுரைகளில் பாதி, இன்ன செல்லில் இன்ன உறுப்பு இருக்கிறது என்ற பட்டியலாகவே நின்றுவிடுகிறது. இனிப் பட்டியல் போதும். மஜ்ஜைச் செல்களில் மட்டும் மாற்று நொதியையும் ஏற்பியையும் தனித்தனியே நீக்கி, சிறுநீரகத்தைத் தொடாமல் விட்டு, பிறகு இரத்த இழப்பு, கதிர்வீச்சு, புற்றுநோய் மருந்து என்று மஜ்ஜையை நெருக்கடியில் நிறுத்திப் பார்க்கும் சோதனைகள்தாம் இந்த வழக்கை முடித்துவைக்கும். இன்றுள்ள சான்றுகளின்படி என் தீர்ப்பு இது: மஜ்ஜையின் ரெனின்–ஆஞ்சியோடென்சின் அமைப்பு உண்மை, அதன் பங்கு துணைப் பங்கு, அந்தத் துணையின் மதிப்பு நெருக்கடியில்தான் தெரிகிறது. இதைத் தவறென்று காட்டும் சோதனையை உங்களில் ஒருவர் செய்தால், முதலில் வரவேற்பவன் நானாக இருப்பேன்.